பெரிய எழுத்துப் பரிசுத்த வேதாகமம்: லயத்து விடியற்காலைக்கு ஏற்றதா?

வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாராளமாக வாங்கலாம். ரெக்சின் அட்டை, ஜிப் இல்லாதது, ஒத்துவாக்கியங்கள் (ஒரே காரியத்தைச் சொல்கிற மற்ற வசனங்களின் குறிப்பு) அச்சிட்டது. இந்த மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தோல் அட்டை, பொன் ஓரம் எல்லாம் கையில் காசு மிச்சமிருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

நான் இலங்கை மலைநாட்டில் டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறேன். வீடு லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டின தொழிலாளர் வீடுகளில் ஒன்று. பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரிக்கிற இடத்துக்குப் போகிற தாய்மார் ஏழு மணிக்கு முன்னமே குழந்தைகளைக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். அவர்கள் வந்து சேர்வதற்குள் என் வீட்டு வேலை முடிந்திருக்க வேண்டும். பீலியில் தண்ணீர் பிடித்து, ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, அம்மாவுக்குச் சாயத் தேத்தண்ணி கொடுத்து, மகனைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்ப வேண்டும். கணவருக்குக் கொழும்பில் வேலை. இத்தனைக்கும் முன்னால் கிடைக்கிற கொஞ்ச நேரம்தான் எனக்கும் ஆண்டவருக்கும். அதனால் ஒரு வேதாகமத்தைப் பற்றி நான் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று. நேற்று மூடி வைத்தவளை இன்று காலையும் தன் முன்னால் கொண்டுவந்து உட்கார வைக்கிறதா? அச்சு, அட்டை, எடை, விலை எல்லாவற்றையும் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் எழுத்து. கண்ணாடி போட்டவர்களுக்குத்தான் பெரிய எழுத்து என்று கடையில் சொல்வார்கள். அப்படியில்லை. மின்சாரம் குறைந்து பல்பு மஞ்சளாக எரிகிற காம்பராவில், இன்னும் தூக்கம் கலையாத கண்ணுக்குச் சின்ன எழுத்து ஒரு சுமை. நான்கு வசனம் தாண்டுவதற்குள் வரி மாறிப்போகும். பிறகு வாசிப்பதே ஒரு கடமையாகிவிடும். பெரிய எழுத்தில் அந்தச் சிரமம் இல்லை. 2022-இல் நாடு முழுக்க மின்வெட்டு இருந்ததே, மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும்கூடப் போனது. அந்த நாட்களில் மெழுகுதிரி வெளிச்சத்தில் இதை வாசித்தேன். மெழுகுதிரி அசைந்தாலும் எழுத்து அசையவில்லை.

என்னிடம் இருக்கிற பதிப்பில் இயேசுவின் வார்த்தைகள் சிவப்பு மையில் இருக்கின்றன. பகலில் பார்க்க அழகு. மங்கின வெளிச்சத்தில் சிவப்பு எழுத்து வெளிறிப்போகிறது. எந்த வார்த்தைகளை அதிகம் தேடுகிறோமோ அவைதான் கண்ணுக்கு மறைகின்றன. முழுவதும் கறுப்பு மையில் கிடைத்தால் அதையே எடுங்கள்.

எடை அதிகம்தான். ஞாயிற்றுக்கிழமை மழையில் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போகிற புத்தகம் இல்லை இது. அதற்குக் கைப்பைக்குள் போகிற சின்ன வேதாகமம் ஒன்று வைத்திருக்கிறேன். ஆனால் இந்தக் கனம் எனக்கு நன்மையாகத்தான் முடிந்தது. தூக்கிக்கொண்டு திரிய முடியாததால் ஒரே இடத்தில் கிடக்கிறது. எங்கள் காம்பராவின் மூலையில் தாத்தா காலத்து டிரங்குப் பெட்டி இருக்கிறது. அதன்மேல் ஒரு துவாய், துவாய்மேல் வேதாகமம், நேற்று நிறுத்தின பக்கம் திறந்தபடி. காலையில் எழுந்து பாயைச் சுருட்டும்போதே அது கண்ணில் படும். ஜிப் வைத்த உறை வேண்டாம் என்று நான் சொல்வது இதற்காகத்தான். ஜிப் போட்டு மூடி அலமாரியில் வைத்த புத்தகத்தை எடுக்க ஒரு மனம் வேண்டும். திறந்து கிடக்கிற புத்தகம் தானே கூப்பிடும்.

"நீயோ ஜெபம்பண்ணும்போது, உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்று மத்தேயு 6-இல் இருக்கிறது. 10-க்கு 12 அடிக் காம்பராவில் நாலைந்து பேர் படுத்து எழும்புகிற நமக்கு எந்த அறைவீடு? லயத்தில் வளர்ந்த யாரும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருக்க மாட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக்காரர் இருமுவது இங்கே கேட்கும். நாம் முணுமுணுத்தால் அவர்களுக்குக் கேட்கும். எங்கள் கோயிலுக்கு முன்பு வந்துகொண்டிருந்த உபதேசியார் ஒருவர் இதற்கு ஒரு வழி சொன்னார். "இடத்துக்குக் கதவு இல்லேன்னா நேரத்துக்குக் கதவு போடுங்கம்மா" என்றார். அதாவது எல்லாரும் எழும்புவதற்கு முந்தின அந்த வேளைதான் நமக்கு அறைவீடு. மாற்கு 1-ஆம் அதிகாரத்தில் ஆண்டவரும் அதைத்தான் செய்கிறார். முந்தின நாள் சாயங்காலம் பட்டணத்தார் எல்லாரும் வீட்டு வாசலில் கூடி, வியாதிக்காரரைக் கொண்டுவந்து, அவருக்கு ஓயாத வேலை. மறுநாள் "அவர் அதிகாலையில், இருட்டோடே எழுந்து புறப்பட்டு, வனாந்தரமான ஓரிடத்திற்குப் போய், அங்கே ஜெபம்பண்ணினார்." அதற்குள் சீமோனும் கூட இருந்தவர்களும் தேடி வந்துவிடுகிறார்கள், "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்று. இந்த வரியை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு இளகும். பிதாவோடு இருக்கிற நேரத்தில் ஆள் வந்து கூப்பிடுவது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். பால் போத்தலோடு ஒரு குழந்தை வந்து என் முந்தானையைப் பிடித்து இழுக்கும்போது நான் அவரிடமிருந்து விலகிப் போவதில்லை. கூடவே எழுந்து போகிறேன்.

அடுத்தது பக்க அடையாளத்துக்கு வைக்கிற நாடாக்கள். என் பதிப்பில் இரண்டு. ஒரே ஒரு நாடா உள்ளதை வாங்காதீர்கள், குறைந்தது இரண்டு வேண்டும். ஒன்று சங்கீதத்தில், மற்றது சுவிசேஷத்தில். சங்கீதங்கள் 150. மாதத்துக்கு 30 நாள் என்று வைத்தால் நாளுக்கு ஐந்து வரும். தேதியைப் பார்த்து எடுக்கிற பழைய வழி ஒன்று உண்டு. இன்று 5-ஆம் தேதி என்றால் 5, 35, 65, 95, 125, அதாவது தேதியோடு முப்பது முப்பதாகக் கூட்டிக்கொண்டே போவது. ஐந்தையும் வாசிக்க எனக்கு நேரம் இல்லை. ஐந்தையும் கண்ணால் ஒரு ஓட்டம் பார்த்து, எதில் மனம் நிற்கிறதோ அந்த ஒன்றை மட்டும் மெதுவாக வாசிப்பேன். அப்புறம் சுவிசேஷத்தில் ஒரு பகுதி. அவ்வளவுதான்.

ஒரு வருஷத்தில் முழு வேதாகமம் வாசிக்கிற அட்டவணைகளைப் பற்றியும் கேட்பீர்கள். மொத்தம் 1,189 அதிகாரம். நாளுக்கு மூன்று, ஞாயிறில் ஐந்து என்று போனால் வருஷத்துக்குள் முடிந்துவிடும். ஸ்கொட்லாந்துப் போதகர் ராபர்ட் மர்ரே மெக்ஷெயின் 1842-இல் தன் சபைக்கு எழுதிக்கொடுத்த அட்டவணையில் நாளுக்கு நான்கு அதிகாரம். நல்ல அட்டவணைதான், இன்றும் பலர் பின்பற்றுகிறார்கள். ஆனால் நாள் முழுக்க மலையில் நின்றுவிட்டு வருகிற பெண்ணிடம் அதைக் கொடுத்தால், லேவியராகமத்தோடு நின்றுபோகும். நின்றவுடன் "என்னால் முடியவில்லை" என்ற எண்ணம் வரும். அந்த எண்ணத்தோடு பல பேர் புத்தகத்தையே மூடிவிடுகிறார்கள். கொஞ்சமாக இருக்கட்டும், தினமும் இருக்கட்டும். கொழுந்து எடுக்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ரவுண்டு, அதாவது பறிப்பு முறை, தவறாமல் கைபட்ட செடியில்தான் இளங்கொழுந்து வரும். நாள் தள்ளிப் போனால் முற்றின இலைதான், ஒரே நாளில் எவ்வளவு பறித்தும் அதைச் சரிக்கட்ட முடியாது. வனாந்தரத்தில் மன்னாவையும் அன்றன்றைக்குத்தான் சேர்க்கச் சொன்னார். மறுநாளைக்கு என்று மிச்சம் வைத்தது புழுத்து நாறியது என்று யாத்திராகமம் 16-இல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை வைத்து வெள்ளிக்கிழமை வரை ஓட்ட முடியாது.

இந்த வேதாகமத்தில் எனக்கு அதிகம் பிடித்தது ஒத்துவாக்கியங்கள்தான். வசனத்தில் ஒரு சின்ன எழுத்துக் குறி இருக்கும். அதே குறியைத் தேடிப் பார்த்தால், இதே காரியத்தைச் சொல்கிற வேறு இடங்கள் கொடுத்திருக்கும். மேலே சொன்ன மாற்கு 1:35-இலிருந்து லூக்கா 5:16-க்குப் போனால், "அவரோ வனாந்தரத்தில் தனித்துப் போய், ஜெபம்பண்ணிக்கொண்டிருந்தார்" என்று இருக்கிறது. ஒரு நாள் மட்டும் செய்த காரியம் இல்லை, அவருடைய வழக்கமே அதுதான் என்று அங்கே தெரிந்துவிடும். யாரும் வந்து விளக்கம் சொல்ல வேண்டியதில்லை, வசனமே வசனத்துக்கு விளக்கம் சொல்லும். பக்கத்தில் போதகர் இல்லாத தோட்டங்களில், மாதத்துக்கு ஒரு முறை மட்டும் ஆராதனை நடக்கிற இடங்களில், இது எவ்வளவு பெரிய உதவி என்று அங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

பெரிய பக்கத்தினால் இன்னொரு நன்மை. புதுவருஷ ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்கள் அல்லவா? எங்கள் லயத்தில் கிறிஸ்தவர் வீடு என்றால் சுவரில் அது தொங்கும். எரேமியா 29:11 பல வீட்டில் உண்டு: "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்". அட்டையில் அந்த ஒரு வசனம் மட்டும்தான் இருக்கும். இந்த வேதாகமத்தில் திறந்தால் அதிகாரம் விரிந்து கண்முன் கிடக்கிறது, சுற்றிலும் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியாது. பார்த்தால், அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதின கடிதம். எழுபது வருஷம் ஆகும் என்று பத்தாம் வசனம் சொல்கிறது. அதற்கு முன்னால், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், உங்களைக் கொண்டுபோய் விட்ட பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம் பண்ணுங்கள் என்று இருக்கிறது.

இதை எங்கள் ஆட்கள் வாசித்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கடல் தாண்டிக் கொண்டுவரப்பட்ட ஜனம் நாங்கள். 1948-இல் குடியுரிமைச் சட்டம் வந்து, இந்த மண்ணில் பிறந்தவர்களுக்கே நாடு இல்லை என்று ஆனது. இந்தியாவோடு செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலட்சக்கணக்கான பேரை அங்கே கப்பலேற்றினார்கள். அந்தப் பக்கம் போன சொந்தங்களின் படங்கள் இன்றும் எங்கள் டிரங்குப் பெட்டிக்குள் இருக்கின்றன. கடைசியில் மிச்சம் இருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கிற சட்டம் 2003-இல்தான் வந்தது. இன்றும் நாங்கள் இருக்கிற காம்பராவின் நிலம் எங்களுடையது இல்லை. அப்படிப்பட்டவர்களிடம் "உன்னை நான் மறக்கவில்லை" என்று மட்டும் சொல்லாமல், "இங்கேயே வேர்விடு, இந்த ஊருக்காக ஜெபம் பண்ணு" என்றும் ஆண்டவர் சொல்கிறார். அந்தக் காலையில் நான் அட்டன் டவுனுக்காகவும், தோட்டத்து நிர்வாகத்துக்காகவும், எங்களோடு ஒரே பீலியில் தண்ணீர் பிடிக்கிற எல்லாச் சமயத்தாருக்காகவும் பேர் சொல்லி ஜெபித்தேன். அதுவரைக்கும் என் ஜெபம் என் வீட்டு வாசலோடு நின்றுவிடும்.

மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நான் எழுதுவது பழைய மொழிபெயர்ப்பைப் பற்றி, 1871-இல் வெளிவந்தது, ஹென்றி பவர் தலைமையில் ஒரு குழு செய்தது. லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டு, இந்த நாட்டில் தேயிலைத் தொழிலைத் தொடங்கினது 1867-இல். எங்கள் தேயிலைக்கும் இந்த வேதாகமத்துக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நடை பழசுதான். சில இடத்தில் இரண்டு தடவை வாசித்தால்தான் பிடிபடும். ஆனாலும் எனக்கு மனப்பாடமாக வருகிற வசனம் எல்லாம் இதில் உள்ளபடிதான் வரும். அப்பா சாகக்கிடந்த நாட்களில் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று நான் தொடங்கினால் "நான் தாழ்ச்சியடையேன்" என்று அவர் உதடு அசையும். வேறு எதையும் அவரால் சொல்ல முடியாத நேரம் அது. மகனுக்கு மட்டும் எளிய தமிழில் வந்த ஒரு மொழிபெயர்ப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பத்து வயதுப் பிள்ளையை அகராதியோடு ஆண்டவரிடம் அனுப்பத் தேவையில்லை.

கைபேசியில் இலவசமாகவே வேதாகமம் இருக்கும்போது இந்தக் கனத்தை ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும்? நியாயமான கேள்வி. செயலிகளும் நல்லவைதான், எங்கள் வீட்டில் அதன் பெரிய பயனாளி அம்மா. அம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. எட்டு வயதில் கொழுந்துக்கூடையைத் தூக்கினவருக்கு யார் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள்? இப்போது குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் கைபேசியை வைத்தால் யோவான் சுவிசேஷம் ஓடும், அவர் தேங்காய் துருவிக்கொண்டே கேட்பார். "ஏம்புள்ள, அந்தக் கிணத்தடிப் பொம்பள கதையை இன்னொருக்கா போடு" என்று கேட்டுக் கேட்டே நான்காம் அதிகாரத்தில் பாதி அவருக்குப் பாடம். கேட்கிற பிரதி இல்லாவிட்டால் அவருக்கு அந்த அதிகாரம் இன்னொருவர் தயவில்தான் கிடைக்கும். அதனால் எழுத்துத் தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் முதலில் செயலியை இறக்கிக் கொடுங்கள், புத்தகம் அதற்குப் பிறகு.

ஆனால் என் காலை நேரத்துக்கு அது சரிவரவில்லை. கைபேசியை எடுத்தால் கணவரின் குறுஞ்செய்தி, தாய்மார் குழுவில் "டீச்சர், பிள்ளைக்குக் காய்ச்சல், இன்னைக்கு வரமாட்டான்", யாரோ அனுப்பின காலை வணக்கப் பூப்படம். ஆண்டவரிடம் பேசப் போகும் வழியில் பத்துப் பேர் மறித்துக்கொள்கிறார்கள். புத்தகத்தில் அந்த வசனம் மட்டும்தான் இருக்கிறது. இத்தனை நாள் விடாமல் வாசித்தீர்கள் என்று செயலி கணக்குக் காட்டுவதும் எனக்கு உவப்பில்லை. சிலருக்கு அது ஊக்கம் தரலாம். ஆனால் நேசிக்கிறவரிடம் போய் உட்காருவதற்குக் கணக்கு எதற்கு? ஒரு நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று விடியவிடிய விழித்திருந்தால் வாசிப்பு தவறும். அந்த இரவு முழுக்க ஆண்டவர் கூடத்தான் இருந்தார், கணக்கு மட்டும் பூச்சியத்துக்குப் போய்விடும்.

ஓரத்து வெள்ளை இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், என் பதிப்பில் அது கொஞ்சம் குறைவு. ஆனாலும் ஒரு பெயர், ஒரு தேதி எழுத இடம் இருக்கிறது. பென்சில் மட்டும் பாவியுங்கள். வேதாகமத் தாள் வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசு, பேனா மை மறுபக்கம் தெரியும், வர்ணப் பேனா இரண்டு பக்கம் தாண்டியும் ஊறும். வர்ணம் வேண்டுமானால் பிள்ளைகளின் கலர் பென்சில் போதும்.

மத்தேயு 5:23-24-க்குப் பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு பெயர் இருக்கிறது. பக்கத்துக் காம்பரா அக்காவின் பெயர். வறண்ட காலத்தில் பீலியில் முறை வைத்துத் தண்ணீர் பிடிக்க வேண்டியிருந்தபோது, யாருடைய முறை என்று அவருக்கும் அம்மாவுக்கும் பேச்சு வந்து, அதோடு எங்கள் வீட்டோடேயே பேசுவதை நிறுத்திவிட்டார். ஒரே சுவர், ஒரே இஸ்தோப்பு, முகம் பார்க்காமல் போவது. காணிக்கை செலுத்த வந்த இடத்தில் உன்பேரில் சகோதரனுக்குக் குறை உண்டு என்று நினைவு வந்தால், காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று வசனம் இருக்கிறது. குறை யார்பேரில் நியாயம் என்று அது கேட்கவில்லை. வாசித்துவிட்டுப் பெயரை எழுதினேன். ஒவ்வொரு காலையும் அந்தப் பக்கத்தைத் தாண்டும்போது பெயர் தெரியும், பெயரைச் சொல்லி ஜெபிப்பேன், ஜெபிக்க ஜெபிக்கக் கோபம் வைத்திருக்க முடியாமல் போனது. ஒரு நாள் சாயங்காலம் அவருடைய பேத்தியைப் பிள்ளைக் காம்பராவிலிருந்து நானே தூக்கிக்கொண்டு போய் வீட்டில் விட்டேன். "உள்ளுக்கு வா தங்கச்சி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றார். குடித்தேன். அவர் கோயிலுக்கு வருகிறவர் இல்லை, மாரியம்மன் திருவிழாவுக்கு முன்னால் நிற்கிறவர். அதனால் என்ன? ஆண்டவரோடு காலையில் பேசினது உண்மையா என்று சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் தெரியும்.

எல்லாக் காலையும் இப்படி இனிப்பாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாசித்தால் எதுவும் ஒட்டாது, ஜெபித்தால் சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கும் நாட்கள் வரும், வாரக்கணக்கிலும் வரும். அப்பா போன பிறகு எனக்கு வந்தது. அந்த நாட்களில் எனக்கு உதவினது ஸ்தோத்திரச் சங்கீதங்கள் இல்லை, முறையிடுகிற சங்கீதங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13-ஆம் சங்கீதம் தொடங்குகிறது. 88-ஆம் சங்கீதம் அதையும் தாண்டி, ஆறுதல் ஒன்றும் வராமலே முடிந்துபோகிறது. இப்படிப் பேசினதையும் ஆண்டவர் தம் புத்தகத்தில் வைத்திருக்கிறார் என்றால், நானும் அப்படியே பேசலாம். அலங்காரமான வார்த்தை தேட வேண்டியதில்லை. "இன்னைக்கு எனக்கு ஒண்ணும் வரல்ல ஆண்டவரே, உட்கார்ந்திருக்கிறேன்" என்று சொல்லி உட்கார்ந்திருந்தேன். அதுவும் ஜெபம் என்று இப்போது நிச்சயமாகத் தெரியும்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், விடியவிடிய ஜெபம், சுகமளிக்கும் கூட்டம் என்று டவுனில் நடக்கிறவற்றுக்குக் கூப்பிடுகிறார்கள். போகிறேன், பாட்டும் ஜெபமும் மனதை எழுப்பும். ஆனால் ஒரு கூட்டத்திலிருந்து அடுத்த கூட்டம் வரைக்கும் வீட்டில் வேதாகமத்தைத் திறக்காத பிள்ளைகளைப் பார்க்கும்போது கவலையாக இருக்கிறது. கலியாண வீட்டில் மட்டும் பேசிக்கொள்கிற சொந்தம் எவ்வளவு நெருக்கமாக இருக்க முடியும்? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அப்புத்தளைக்குப் போனபோது அடிசம் பங்களாவைப் பார்த்தோம். தோமஸ் வில்லியர்ஸ் என்ற வெள்ளைக்காரத் துரை 1931-இல் கட்டி முடித்தது, இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். எல்லாரும் அங்கே விற்கிற ஜாமைப் பற்றித்தான் பேசுவார்கள், ஜாமும் நல்ல ருசிதான். எனக்குப் பிடித்தது அவர்கள் வேலைக்கு நடுவே வேளை வேளைக்கு ஜெபத்துக்குக் கூடுகிற அந்த ஒழுங்கு. "ஒருநாளில் ஏழுதரம் உம்மைத் துதிக்கிறேன்" என்று 119-ஆம் சங்கீதத்தில் இருக்கிறது. நான் மடத்தில் இல்லை. ஆனாலும் பத்து மணிக்குப் பால் கொடுக்கும்போது, பகல் குழந்தைகளைத் தொட்டிலில் போட்டு ஆட்டும்போது, நாலு மணிக்குத் தாய்மார் படங்கும் கையுமாக மலையிலிருந்து இறங்கி வரும்போது, காலை வாசித்த வசனத்தை ஒரு தடவை மனதில் சொல்லிக்கொள்ள யாருடைய உத்தரவும் தேவையில்லை. தொட்டில் ஆட்டுகிற கைக்கு வசனம் சொல்ல ஏற்ற தாளம் தானாக வரும்.

இனிப் பராமரிப்பு. மலைநாட்டில் இருக்கிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள், கடைக்காரர் சொல்லமாட்டார். மே கடைசியில் மழை தொடங்கினால் எங்கள் பக்கம் செப்டெம்பர் வரை சுவரே வேர்க்கும். தோல் அட்டையில் முதலில் பூஞ்சணம் பிடிக்கும், பிறகு தாள் ஓரத்தில் பழுப்புப் புள்ளி விழும். ரெக்சின் அட்டையைக் காய்ந்த துணியால் துடைத்தால் போதும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வைக்காதீர்கள், உள்ளே ஈரம் நின்று இன்னும் கெடும். திறந்து வைத்துத் தினமும் தாள் புரட்டுகிற புத்தகத்தில் பூஞ்சணம் குறைவு. இது என் சொந்த அனுபவம். வெளிச்சுவரை ஒட்டி வைக்காமல் குசினிப் பக்கச் சுவரோடு வையுங்கள், அடுப்புச் சூடு கொஞ்சம் காக்கும். ஆனால் புகை படாத தூரத்தில். பெப்ரவரி வெயிலில் ஒரு மணித்தியாலம் நிழலோரமாக விரித்து வைத்தால் நல்லது. நேர் வெயில் வேண்டாம், பசை இளகும்.

கட்டு ஒன்றுதான் குறை. இவ்வளவு கனமான புத்தகத்துக்கு முதுகில் பசை மட்டும் போட்டிருந்தார்கள். சங்கீதத்தில் திறந்தே கிடந்ததால் நடுவில் பிளந்துவிட்டது. டவுனில் புத்தகம் கட்டுகிறவர் ஒருவர் நூல் போட்டுத் தைத்துத் தந்தார், அதற்குப் பிறகு அசையவில்லை. தைத்த கட்டுள்ள பதிப்புகளும் கிடைக்கின்றன, கேட்டு வாங்க வேண்டும்.

கொழும்புக்குப் போகிறவர்கள் இலங்கை வேதாகமச் சங்கத்தில் கேட்கலாம், 1812-இலிருந்து இருக்கிற சங்கம் அது. இல்லாவிட்டால் கண்டியிலும் நுவரெலியாவிலும் கிறிஸ்தவப் புத்தகக் கடைகள் உண்டு. தோல் அட்டைக்கும் ரெக்சின் அட்டைக்கும் உள்ள விலை வித்தியாசம் சில நாள் சம்பளம் அளவுக்குப் போகும், அந்தக் காசில் பிள்ளைக்கு ஒரு எளிய மொழிபெயர்ப்பு வாங்கிவிடலாம். கடையில் நின்றே மூன்று காரியம் செய்து பாருங்கள். 119-ஆம் சங்கீதத்தைத் திறந்து மேசைமேல் வையுங்கள், 176 வசனம், புத்தகத்தின் நடுப்பகுதி, கையெடுத்தாலும் மூடாமல் கிடக்க வேண்டும். முதுகுப்பக்கம் மேலிருந்து பார்த்து நூல் தெரிகிறதா என்று கவனியுங்கள். பிறகு கடைக்காரரிடம் சொல்லி, விளக்கு எட்டாத மூலைக்குக் கொண்டுபோய் ஒரு பத்தி வாசியுங்கள். அங்கே வாசிக்க முடிந்தால் பணத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.